சிவப்புக் கம்பளத்தில் ஒளிந்திருந்த மணல்

பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்துக் கடற்கரையில் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு படகுக்குச் சிவப்புக் கம்பள வரவேற்பு அளிக்கப்பட்டது.

மிகைப்படுத்தவில்லை, வாசகர்களே. உண்மையாகவே சிவப்புக் கம்பளம்தான். கல்யாண மண்டபத்தில் வாசலிலிருந்து மணமேடை வரை விரிப்பார்களே – அந்த ரகம். பழசாகிவிட்டது என்று மண்டபத்துக்காரர் கழித்துப் போட்டதை, டிராக்டரால் படகுகளைக் கரையேற்றும் மேரி கேட்டு வாங்கி வந்திருந்தார். ஆனால் தரையில் விரிக்கவில்லை. தம்முடைய டிரெய்லரின் நான்கு இரும்புக் கம்பங்களிலும் அதைச் சுற்றி, நைலான் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்.

"இன்னா மேரி, போட்டுக்குக் கல்யாணமா? பொண்ணு எந்த ஊரு?" என்றார், மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த தேசப்பன்.

"பொண்ணு காட்டூருதான். மாப்ளதான் முறுக்கிகினு தண்ணில நிக்குது" என்றார் மேரி, டிராக்டரின் மேலிருந்தபடியே.

கரையே சிரித்தது. மாப்பிள்ளைப் படகின் சொந்தக்காரர் ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை.

கடற்கரைப் பழக்கம் இல்லாத வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஃபைபர் படகைக் கரையேற்ற மேரி வைத்திருப்பது தாழ்வான ஒரு டிரெய்லர். டிராக்டர் அதைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு முழங்காலளவு தண்ணீருக்குள் போய் நிற்கும். படகு மிதந்து வந்து அதன்மேல் ஏற வேண்டும். கோணலாக ஏறிவிடாமல், நடுவில் நேராக வந்து உட்காருவதற்காகப் பக்கத்துக்கு இரண்டு கம்பங்கள். மேரி அவற்றைக் 'கைடு கம்பி' என்பார்.

ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அலை சும்மா இருக்குமா? ஏறும் படகை இப்படியும் அப்படியும் தள்ளும். தள்ளும்போதெல்லாம் இரும்பு படகின் விலாவில் ஒரு கோடு கிழிக்கும்.

கோடுதானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஃபைபர் படகின் மேலே தெரியும் பளபளப்பு அலங்காரமல்ல, அது தோல். அந்தத் தோல் கிழிந்தால் உள்ளே இருக்கும் நாரில் உப்புத் தண்ணீர் இறங்கும். நார் ஊறும். படகு கனக்கும். கனத்த படகு எண்ணெயை அதிகமாகக் குடிக்கும். அலையில் மெதுவாகத் திரும்பும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மெதுவாகத் திரும்பும் படகு கவிழும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே ஒரு கோட்டுக்காக ஒருவர் கோபப்படுகிறார் என்றால், அவர் கோட்டுக்காகக் கோபப்படவில்லை.

மேரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காட்டூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, இந்தக் குப்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் சாலமன் கடலுக்குப் போகிறவர். மேரி ஏரியில் இறால் பிடித்துக்கொண்டிருந்தார் – வலையால் அல்ல, கையால். தண்ணீரில் உட்கார்ந்த நிலையிலேயே நகர்ந்து, சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து, கழுத்தில் தொங்கும் கூடையில் போட வேண்டும். பழவேற்காடு ஏரியில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் சாப்பிடுகின்றன. மேரியின் விரல்கள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. சிப்பி கிழித்த புண் ஆறுவதற்குள் அடுத்த புண். ஒரு விரல் இன்றும் முழுதாக மடங்காது.

காட்டூரில் அண்ணன் வீட்டு டிராக்டர் உழவு இல்லாத காலத்தில் சும்மா நின்றது. மேரிக்குச் சிறு வயதிலேயே அதை ஓட்டத் தெரியும். டிரெய்லர் ஒன்றைச் செய்ய வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தார். நான் பணிபுரியும் பெண்கள் குழுவில் அவர் உறுப்பினர் என்பதால், அந்த டிரெய்லர் முதன்முதலாக மணலில் இறங்கிய நாளில் நானும் அங்கே இருந்தேன்.

சில மாதங்கள் எல்லாம் நன்றாகவே போயிற்று. பிறகு கோடுகள் பெருகின. கரையில் முணுமுணுப்பு எழுந்தது. 'இன்னொரு படகில் கோடு விழுந்தால் டிரெய்லர் கரைக்கு வரக்கூடாது' என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். மேரி செல்போனில் வீடியோக்களைத் தேடினார். வெளிநாடுகளில் டிரெய்லர் கம்பங்களுக்குக் கார்ப்பெட் சுற்றுகிறார்களாம். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது அந்த வீடியோ – அசையாத நன்னீர் ஏரி, சிமெண்ட் சரிவு, வெள்ளைப் படகு, மெத்தென்ற கம்பளம்.

அந்த வீடியோவில் ஒன்றே ஒன்று இல்லை. அது என்னவென்று அன்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமைக்குத் திரும்புவோம். ஏழுமலையின் படகு புதியது. தந்தையின் நினைவாக விலாவில் 'நைனா துணை' என்று நீல எழுத்தில் எழுதியிருந்தார். படகு மிதந்து வந்தது, அலை தள்ளியது, கம்பளம் தாங்கியது. சத்தமே இல்லை. இரும்பு உரசும் அந்தக் கர்ணகடூரமான ஓசை இல்லாமல் ஒரு படகு கரையேறுவதை அன்றுதான் பார்த்தேன். சிலர் கைதட்டினார்கள். மேரி டிராக்டரிலிருந்து இறங்கும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

ஏழுமலை படகைச் சுற்றி வந்தார். விலாவில் உள்ளங்கையை வைத்தார். கை அப்படியே நின்றது.

"இத்தினி நாளு ஒரு கோடு போட்டே... செரின்னு வுட்டோம். இப்ப இன்னாம்மா இது? சீப்பால வாரி வுட்ட மாதிரி கீது!"

உண்மைதான். ஒரு கோடல்ல – மயிரிழை மயிரிழையாக எண்ண முடியாத கோடுகள். படகின் முகப்பிலிருந்து பின்பக்கம் வரை. 'நைனா' என்ற எழுத்துகளின் நீலம் வெளுத்திருந்தது.

"பஞ்சு மாதிரி கீதுணா! நீயே தொட்டுப் பாரேன்!" என்றார் மேரி.

"நான் எதுக்குத் தொடணும்? அதான் என் போட்டு தொட்டுப் பாத்துடுச்சே!"

"வேணும்னேவா பண்ணேன்?"

"போன வருசம் ஒன் வூட்டுக்காரரு என் வலை மேல இன்ஜினை வுட்டு அறுத்தாரு. இப்ப நீ போட்டைக் கீறிட்டே. குடும்பமா சேந்து எனக்குன்னே கெளம்பிக்கிறீங்களா?"

"வலைக் கத வேற, இது வேற!"

"எல்லாம் ஒண்ணுதான். காட்டூர்ல வயலை உழுதா மாதிரி என் போட்டையும் உழுதுட்டே, போ!"

யாரோ சிரித்தார்கள். மேரி சிரிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை காலம் ஆன பிறகும் ஒரு பெண்ணை அவள் பிறந்த ஊரை வைத்து அடிப்பது எவ்வளவு எளிதாக இருக்கிறது நமக்கு!

பெரியவர்கள் வந்தார்கள்; பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்தில் முடிவு சொல்வதாகச் சொன்னார்கள். என்ன முடிவு என்பது அவர்கள் முகத்திலேயே இருந்தது.

"ஞாயித்துக்கிழம வாணாம்னுட்டா, திங்கக்கிழம நான் ஏரில எறங்கணும் மேடம்" என்றார் மேரி, மடங்காத விரலைத் தடவியபடி. "வேற இன்னா கீது எனக்கு?"

வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். டச்சுக் கல்லறையைத் தாண்டும்போது வழக்கம்போல் கண் அந்தப் பக்கம் போயிற்று. ஒரு காலத்தில் இங்கே வணிகம் செய்த டச்சுக்காரர்களுடைய பெரிய கப்பல்கள் இந்தக் கரையை நெருங்கியதே இல்லை, தூரத்தில் நின்றன. சரக்கை அலைக்குள் கொண்டுபோய்க் கொண்டுவந்தவை நம்மவர்களின் தைத்த படகுகள்தாம். பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்து, இடையில் நாரைத் திணித்திருப்பார்கள். ஆணி அடித்த படகு அலை அடித்தால் உடையும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். ஆக, கடினமான இரண்டு பொருள்களுக்கு நடுவே எதை வைப்பது என்ற கேள்வி இந்தக் கரைக்குப் புதிதல்ல. விடை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. அந்த டிரெய்லர் குறித்து என் மனத்தில் ஒரு சங்கடம் உண்டு.

டிரெய்லர் வருவதற்கு முன் படகைத் தோளால்தான் தள்ளுவார்கள். கரையில் யார் இருந்தாலும் கை போட வேண்டும். கை போட்டவருக்கு அந்தப் படகிலிருந்து ஒரு கை மீன் உண்டு. கடலுக்குப் போக முடியாதவர்கள் பலருக்கு அன்றாடக் குழம்பு இப்படித்தான் வந்தது. தேசப்பன் அவர்களில் ஒருவர். படகு கவிழ்ந்து இடது கால் நசுங்கியதிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் நொண்டிக்கொண்டே வந்து ஒவ்வொரு படகுக்கும் கை போடுவார். டிரெய்லருக்குக் கை தேவையில்லை. கை இல்லையென்றால் மீனும் இல்லை. மேரியைக் கேலி செய்த அதே தேசப்பன், டிரெய்லர் ஏற்றிய படகுகளிலிருந்து ஒரு மீனும் கிடைக்காமல் வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

டிரெய்லர் நின்றால் மேரியின் விரல்கள் சேற்றுக்குத் திரும்பும். ஓடினால் தேசப்பனின் சட்டி காலியாகும். நடுத்தர வயதிலேயே தோள் தேய்ந்து வலியோடு நடக்கும் ஆண்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யாருக்கு நன்மை, யாருக்குச் சேதம் என்று எடை போட்டுப் பார்த்தேன். தராசு நிற்கவே இல்லை.

புதன்கிழமை காலை குழு வேலையாக மீண்டும் குப்பத்துக்குப் போனேன். அடிபம்பு அருகே மேரி அந்தக் கம்பளத்தை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார்.

"தூக்கிப் போட மனசு வரல மேடம். தொவச்சா வூட்டுக்காவது ஆவும்."

கம்பளத்தை வெளியே எடுத்தார். சிவப்புத் தண்ணீரைச் சாய்த்தார். தொட்டியின் அடியில் மணல். கொஞ்சமல்ல – இரண்டு கைகளாலும் அள்ளும் அளவுக்கு. நடுவே நொறுங்கிய சிப்பித் துண்டுகள் பளபளத்தன.

மேரி தொட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'மேடம்' என்று கூடச் சொல்லாமல் கத்தினார்.

"ஐயோ, கம்பளம் கீறல! இதுதான் கீறிச்சி!"

வீடியோவில் இல்லாத அந்த ஒன்று இதுதான் – மணல். நம் அலை வெறும் தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. முதல் அலையிலேயே கம்பளம் மணலைக் குடித்துவிட்டது. தண்ணீர் வடிந்தது, மணல் இழைகளுக்குள் தங்கிவிட்டது. மேலே கை வைத்தால் மெத்தென்றுதான் இருக்கும். படகின் கனம் அழுத்தும்போதுதான் உள்ளே இருப்பது தெரியும். இரும்புக் கம்பத்துக்குப் பஞ்சு சுற்றுவதாக நினைத்து, உப்புத்தாளைச் சுற்றியிருக்கிறோம்!

இதில் யோசிக்க நிறைய இருக்கிறது. மெத்தென்று பேசும் மனிதர்களை நாம் நல்லவர்கள் என்று எண்ணிக்கொள்கிறோம். மென்மை மட்டும் போதுமா? பழைய மணலைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் மென்மை, இரும்பை விட மோசமாகக் கீறும். இரும்பு கீறினால் சத்தமாவது கேட்கும்.

மேரி அடுத்துச் செய்ததுதான் எனக்கு வியப்பு. அந்தத் தொட்டியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக ஏழுமலை வீட்டுக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன். ஏழுமலை வாசலில் உட்கார்ந்து, படகின் கீறல்களுக்கு ரெசின் பூசிய பிரஷ்ஷைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"இன்னா, என் வாசல்ல மணல் கொட்ட வந்தியா?"

"இல்லணா. ஒன் போட்டைக் கீறினவனைக் கூட்டினு வந்துகிறேன்."

தொட்டியை அவர் முன்னால் வைத்தார். ஏழுமலை குனிந்து பார்த்தார். ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களுக்கு நடுவே நெருடினார். நிமிர்ந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"துணியே ஆவாது மேரி. சாக்கு சுத்தினாலும் இதே கதிதான். மணல் ஒட்டாத சாமான் வோணும்."

"ரப்பர்? டிராக்டர் டியூப்பு பழசு கீது."

"ரப்பரு புடிச்சிக்கும். போட்டு வழுக்காது." சற்று யோசித்தார். "உள்ள ரப்பரு... மேல வழுக்கறாப்ல எதனா..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வீட்டின் பின்பக்கம் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாய் போட்டபோது மிஞ்சிய பிவிசி பைப்புகள் சுவரோரம் சாய்ந்திருந்தன.

வியாழக்கிழமை முழுவதும் வேலை நடந்தது. இரும்பின்மேல் டியூப் ரப்பர். அதன்மேல் பிவிசி பைப் – இறுக்கமாக அல்ல, சற்றுத் தளர்வாக. படகு தொட்டால் பைப் சுழன்று கொடுக்கும், உரசாது. பைப்பின் விளிம்பைக் கூட ஏழுமலை அரத்தால் தேய்த்து மழுக்கினார். வேலைக்கு நடுவே ஒருமுறை நிமிர்ந்து, "என் போட்டுக்காகத்தான் வந்தேன். ஒனக்காக வந்தேன்னு நெனச்சிக்காத" என்றார்.

"நான் ஏன் நெனைக்கறேன்? டீ ஆறுது, குடி" என்றார் மேரி.

ஞாயிறு காலை கூட்டத்துக்கு முன் எல்லார் முன்னிலையிலும் சோதித்துக் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் கடல் நம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லையே!

சனிக்கிழமை நண்பகலில் மைக்கில் அறிவிப்பு வந்துவிட்டது. காற்றழுத்தத் தாழ்வு; படகுகளை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். வாடைக் காற்று மணலை முகத்தில் வீசியது. கடலில் இருந்த படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. ஊர்க்கூட்டம் முடிவு சொல்லாததால் டிரெய்லரை யாரும் கேட்கவில்லை; தோளால் தள்ளித் தள்ளி ஆண்கள் களைத்துப்போனார்கள். ஏழுமலையின் படகு வந்தபோது பாதிப் பேர் மணலில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள். தண்ணீரில் இன்னும் படகுகள் நின்றன.

மேரி டிரெய்லரைத் தண்ணீருக்குள் இறக்கி நிறுத்தினார். யாரையும் கூப்பிடவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார் – அவ்வளவுதான்.

ஏழுமலை இடுப்பளவு தண்ணீரில் படகின் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவர் பைப்பைப் பார்த்தார், கரையில் உட்கார்ந்திருந்த தோள்களைப் பார்த்தார், 'நைனா'வைப் பார்த்தார். சோதனை செய்யாத ஏற்பாடு. மறுபடியும் கீறினால்?

அப்போது தேசப்பன் எழுந்தார். ஒரு பக்கெட்டை எடுத்துக்கொண்டு நொண்டியபடி தண்ணீரில் இறங்கினார். அலையின் மேல்மட்டத்தில் தெளிந்த தண்ணீராகப் பார்த்து மொண்டு, ஒவ்வொரு பைப்பிலும் ஊற்றினார். காற்று அப்பியிருந்த மணல் கழன்று வழிந்தது.

"அலம்பிட்டேன். ஏத்துடா ஏழுமல! நைனா குளுர்ல நிக்கறாரு பாரு!"

ஏழுமலை கயிற்றைத் தளர்த்தினார். அலை படகைத் தூக்கியது, பக்கவாட்டில் தள்ளியது. பைப் கடகடவென்று சுழன்றது. படகு நடுவில் போய் உட்கார்ந்தது.

மேட்டில் ஏற்றி நிறுத்தியதும் ஏழுமலை உள்ளங்கையை விலாவில் வைத்து, முகப்பிலிருந்து பின்பக்கம் வரை நடந்தார். மழை தூற ஆரம்பித்திருந்தது. மேரி டிராக்டரின் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடியை விடவில்லை. அவர் மடங்காத விரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கோடு இல்ல" என்றார் ஏழுமலை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆனா மேரி, போன வருசம் அந்த வலை விசயம் மட்டும் எனக்கு இன்னும்..."

"ஏழுமல!" என்றார் தேசப்பன், பக்கெட்டைத் தூக்கிக் காட்டி. "ஒம்மேலயும் ஒண்ணு ஊத்தட்டா? மணல் நெறைய ஒட்டிகினு கீது!"

மழையில் நனைந்தபடி அந்தக் கரை சிரித்த சிரிப்பை நான் நெடுநாள் மறக்க மாட்டேன். ஏழுமலையும் சிரித்துவிட்டார். மீதிப் படகுகள் வரிசையில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முன் தேசப்பனின் பக்கெட் நான்கு பைப்புகளிலும் ஊற்றியது. இருட்டுவதற்குள் எல்லாப் படகும் மேட்டில். காற்றழுத்தத் தாழ்வு வடக்கே விலகிப்போனது என்பது மறுநாள் காலை தெரிந்தது. போகட்டும், நல்லதுதானே!

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் கூடியது. டிரெய்லர் வேண்டுமா வேண்டாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. விவாதம் முழுக்க வேறொன்றைப் பற்றி.

"கை போட்டா மீனுன்றது வழக்கம். தண்ணி ஊத்தறவனும் கையாலதான ஊத்தறான்? காலாலயா ஊத்தறேன்?" என்று கேட்டார் தேசப்பன்.

பெரியவர்கள் இதை வெகு தீவிரமாகப் பரிசீலித்தார்கள். கடைசியில், டிரெய்லரில் ஏறும் ஒவ்வொரு படகிலிருந்தும் பைப் கழுவுகிறவருக்கு ஒரு கை மீன் என்று முடிவாயிற்று. பைப் கழுவாமல் படகை ஏற்றக் கூடாது என்றும் முடிவாயிற்று. இரண்டாவது விதியைக் கேட்டு வாங்கியவர் மேரி.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். முன்பு ஒரு படகுக்குப் பத்துப் பன்னிரண்டு கைகள் கூடின. இன்று ஒரு பக்கெட். மற்றக் கைகளுக்கு என்ன வழி என்பதைக் குழுவில் பேசத் தொடங்கியிருக்கிறோம். ஆனால் ஒரு புதிய பொருள் ஊருக்குள் வரும்போது, அதையும் மனிதர்களையும் உரசவிடாமல் நடுவே எதையாவது வைக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு வந்திருக்கிறது. வைப்பதை அவ்வப்போது கழுவவும் வேண்டும் – அவ்வளவுதான்.

அந்தச் சிவப்புக் கம்பளம்? துவைத்துக் காயவைத்து, மேரி தம் வீட்டு வாசலில் கால்மிதியாகப் போட்டிருக்கிறார். திங்கட்கிழமை சாலமனோடு டீ குடிக்க வந்த ஏழுமலை, உள்ளே நுழைவதற்கு முன் இரண்டு கால்களையும் அதில் நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் போனார்.

மணலைப் பிடித்து வைப்பதில் அந்தக் கம்பளத்துக்கு இருக்கும் திறமைக்கு ஏழுமலையின் படகை விட நன்றாக யார் சாட்சி சொல்ல முடியும்!